முதுமையும் மருத்துவச் செலவும்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்ந்த சொற்பொழிவு)

   

முதியோருக்கு அரசாங்கம் ஏற்படுத்தியிருக்கும் மருத்துவக் காப்பீட்டைப்பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி நம் காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். கல்வி, வாணிபம், கலியாணச் செலவு முதலிய விஷயங்களைக் குறித்து இம்மண்டபத்தில் பலரும் பலகாலும் பேசியிருக்கின்றனர். நோயையும் மூப்பையும் பற்றிப் பேசுவது மங்களகரமன்று என்று கருதுவோர் நம்மில் உண்டு. ஆயினும், பேசாமல் இருப்பதனால் மூப்பு வாராமல் இருந்துவிடுவதில்லை. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படியே இந்நாட்டில் 60 வயது கடந்தோர் 10 கோடிக்கு மேற்பட்டிருந்தனர். அதன் பின்னர் அத்தொகை பெருகியிருக்கின்றதேயன்றிக் குறையவில்லை. நம் குடும்பங்களை எண்ணிப் பார்த்தாலும், முதியவர் ஒருவரேனும் இல்லாத வீடு அரிது என்பது விளங்கும்.

நம்மவரிற் பெரும்பாலோர் சொந்தமாகக் கடை வைத்தும், சிறு தொழில் நடத்தியும் வாழ்பவர்கள். மாதச் சம்பளமும் பென்ஷனும் உடையவர் சிலரே. கடையின் முதலே நமக்குச் சேமிப்பு. அதுவே நமக்குப் பென்ஷன். வீட்டில் ஒரு பெரியவர் நெஞ்சுவலியென்று படுத்துவிட்டால், முதலில் கடை முதலிற் கைவைக்கின்றோம். அடுத்துப் பெண்களின் நகை அடகுக்குப் போகின்றது. அதன் பின் வீட்டுப் பத்திரம் போகின்றது. ஒருவருடைய பத்து நாள் நோய், பேரனுடைய படிப்பையும் பேத்தியின் கலியாணத்தையும் பத்து ஆண்டு தள்ளிவைத்துவிடுகின்றது. ஆகவே இதனை நோயாளி ஒருவருடைய காரியமென்று எண்ணாமல், குடும்பம் முழுவதன் காரியமாக எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகின்றேன்.

காப்பீடு என்பது யாது? இன்ஷூரன்ஸ் என்று வழங்கும் இம்முறையை நம்மவர்க்கு விளக்குவது கடினமன்று. நம் ஊர்களில் கலியாணத்துக்கும் காதுகுத்துக்கும் மொய் எழுதுகின்றோம். ஒருவர் தனியே தாங்க முடியாத செலவை ஊரார் பலரும் சிறிது சிறிதாகத் தாங்குகின்றனர். அவர்கள் வீட்டுக் காரியம் வரும்பொழுது நாம் தாங்குகின்றோம். காப்பீட்டின் தத்துவமும் அதுவே. ஆனால் ஒரு பேதம் உண்டு. கலியாணம் வரும் நாள் நமக்குத் தெரியும். நோய் வரும் நாள் தெரியாது. ஆதலின், நோய் வந்தபின் காப்பீட்டைத் தேடுதல், வீடு பற்றிய பின் கிணறு வெட்டுவது போலாகும்.

அரசாங்கம் நடத்தும் காப்பீட்டிற் சேருவது கௌரவக் குறைவு என்று எண்ணுவோர் நம்மிற் சிலர் உளர். "நாம் என்ன, தர்மத்துக்கா கையேந்துவது?" என்று அவர்கள் கேட்கின்றனர். அத்திட்டங்களுக்குரிய பணம் எங்கிருந்து வருகின்றது? நாம் கட்டும் வரியிலிருந்தே வருகின்றது. ஒரு சவர்க்காரக் கட்டி வாங்கினாலும் அதில் வரியுண்டு. நாற்பது ஆண்டு கடை நடத்தியவர், தம் ஆயுளில் எவ்வளவு வரியைச் சர்க்காருக்குச் சேர்ப்பித்திருப்பார் என்று கணக்கிட்டால், முதுமையில் அவர் பெறும் சிகிச்சை தானமன்று, அவர் முன்னே எழுதிய மொய்யின் திருப்பம் என்பது புலனாகும். தனக்குரியதைக் கேட்டுப் பெறுவதில் நாணம் வேண்டுவதில்லை.

இனி, முதியவர்க்குரிய பொதுக் காப்பீட்டு வழிகள் எவையெவை என்று பார்ப்போம். இவற்றை ஒரு வீட்டின் வாயில்களாகக் கொள்ளலாம். எல்லா வாயில்களும் எல்லார்க்கும் திறப்பதில்லை. யார்க்கு எது திறக்கும், எந்த வயதில் திறக்கும், உட்சென்றால் எது கிடைக்கும், எது கிடைக்காது என்னும் இவற்றை அறிந்துகொள்வதே நமக்கு வேண்டுவது.

முதல் வாயில், அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றோர்க்கு உரியது. மத்திய அரசின் ஊழியர்க்கென்று 1954-இல் தொடங்கப்பெற்ற சி.ஜி.எச்.எஸ். என்னும் சுகாதாரத் திட்டத்தில் ஓய்வூதியர்களும் சேரலாம். 2017-இல் வகுத்த விகிதப்படி, அவரவர் வகித்த பதவிநிலைக்கேற்ப மாதம் ரூ. 250 முதல் ரூ. 1,000 வரை சந்தா உண்டு. பத்தாண்டுக்குரிய தொகையை ஒரே தவணையிற் கட்டிவிட்டால், ஆயுள் முழுவதும் மீண்டும் கட்ட வேண்டுவதில்லை. ரூ. 250 செலுத்த வேண்டியவர் ரூ. 30,000 கட்டினாற் போதும். இத்திட்டத்தின் சிறப்பு யாதெனில், ஆஸ்பத்திரியிற் படுக்கும் செலவோடு அன்றாட வைத்திய ஆலோசனையும் மருந்தும் கிடைக்கின்றன. படைவீரராயிருந்து ஓய்வு பெற்றோர்க்கு இதுபோன்றே 2003 ஏப்ரல் முதல் ஈ.சி.எச்.எஸ். என்னும் திட்டம் நடைபெறுகின்றது. தமிழ்நாட்டு அரசின் ஓய்வூதியர்க்குத் தனியே ஒரு காப்பீடு உண்டு. 2022 ஜூலை 1-ஆம் நாள் தொடங்கி நான்கு ஆண்டுக்கென வகுத்த ஏற்பாட்டில், மாதம் ரூ. 497 பிடித்தம் செய்து, அந்நான்கு ஆண்டுக்குமாக ரூ. 5 லட்சமும், குறித்த சில கொடிய நோய்களுக்கு ரூ. 10 லட்சமும் வரம்பாக வைத்தனர். ரூ. 5 லட்சம் ஆண்டுதோறும் உரியதன்று, நான்கு ஆண்டுக்கும் சேர்த்தே உரியது என்பதை அறியாமற் பலர் செலவைத் தொடங்கிவிடுகின்றனர். எந்த வரம்பும் எத்தனை காலத்துக்குரியது என்று கேட்டறிதல் முதற் கடமை.

இரண்டாவது வாயில், ஆலைகளிலும் கம்பெனிகளிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றோர்க்கு உரியது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிப் பிறந்த இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டைப்பற்றி நீங்கள் அறிவீர்கள். ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் இக்காப்பீட்டில் இருந்து, வயது முதிர்வினால் ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு ரூ. 120 மட்டும் செலுத்தி, தமக்கும் தம் மனைவிக்கும் அல்லது கணவர்க்கும் வைத்திய வசதியைத் தொடர்ந்து பெறலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மாதம் பத்தே ரூபாய்! வேலையை விட்டதும் எல்லாம் போயிற்று என்று எண்ணி அட்டையைப் பெட்டியிற் போட்டுவிடுகின்றனர். அவ்வாறு உரிமையை இழந்திருப்போர் நம்மில் இருப்பின், தம் பழைய காகிதங்களைத் தேடி எடுத்துக்கொண்டு அருகிலுள்ள இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்குச் செல்வார்களாக.

மூன்றாவது வாயில், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு உரியது. தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று தொடங்கி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என மறுவடிவு பெற்றது இது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பெற்றது. 2022 ஜனவரியில் தொடங்கிய காலப்பகுதிக்கு, குடும்பத்தின் ஆண்டு வருமானம் ரூ. 1,20,000-க்கு மேற்படாதிருத்தல் வேண்டும் என்பது விதி. குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை, பட்டியலிற் சேர்ந்த அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் தனியார் ஆஸ்பத்திரிகளிலும் பணம் கட்டாமற் சிகிச்சை பெறலாம். சந்தா ஒன்றும் இல்லை. கணவன், மனைவி, பிள்ளைகள் ஆகியோரோடு, அவர்களைச் சார்ந்து வாழும் பெற்றோரும் குடும்பத்திற் சேர்வர். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு கலெக்டர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குச் சென்றால் அட்டை பெறலாம்.

நான்காவது வாயில் புதியது. நம்மவர்க்கு மிகவும் வேண்டியது. 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் முதலில் ஏழைக் குடும்பங்களுக்கே உரியதாயிருந்தது. 2024 செப்டம்பர் 11-ஆம் நாள் மத்திய மந்திரி சபை கூடி, 70 வயது நிரம்பிய எவர்க்கும், அவர் செல்வராயினும் வறியராயினும், இத்திட்டம் உரியதாகுக என்று தீர்மானித்தது. அவ்வாண்டு அக்டோபர் 29-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. நான்கரைக் கோடிக் குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ ஆறு கோடி முதியவர்கள் இதனாற் பயன்பெறுவர் என்று அரசாங்கம் கணக்கிட்டது. இதற்குரிய அட்டைக்கு ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை என்று பெயர். ஆதார் ஒன்றே இதற்குப் போதுமான சான்று. வருமானம் கேட்பதில்லை, சந்தா இல்லை, முன்னரே சர்க்கரை நோயோ இருதய நோயோ இருந்தாலும் தடையில்லை, காத்திருக்க வேண்டிய காலமும் இல்லை. ஆஸ்பத்திரியிற் சேர்வதற்கு முன் மூன்று நாள் செலவும், வீடு திரும்பியபின் பதினைந்து நாள் மருந்தும் இதில் அடங்கும்.

இதன் கணக்கைச் சிறிது நுணுகி அறிதல் நலம். ரூ. 5 லட்சம் என்பது ஆளுக்கன்று, குடும்பத்துக்கு உரியது. வீட்டில் 74 வயதுள்ள தகப்பனாரும் 71 வயதுள்ள தாயாரும் இருப்பின், இருவரும் அத்தொகையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். தகப்பனார்க்கு 72, தாயார்க்கு 66 எனின், இவ்வாயில் தகப்பனார்க்கே திறக்கும்; தாயார் இன்னும் நான்கு ஆண்டு காத்திருத்தல் வேண்டும். குடும்பம் முன்னரே வறியோர் என்ற முறையில் ஆயுஷ்மான் திட்டத்தில் இருந்தால், அந்த ரூ. 5 லட்சத்துக்கு மேலாக, 70 வயது கடந்தோர்க்கென்றே மற்றொரு ரூ. 5 லட்சம் தனியே கிடைக்கும். அதனை இளையவர்கள் தொட முடியாது. தனியார் கம்பெனியில் காப்பீடு வைத்திருப்போரும் இ.எஸ்.ஐ.யில் இருப்போரும் இதனையும் உடன் பெறலாம். ஆனால் சி.ஜி.எச்.எஸ்., ஈ.சி.எச்.எஸ். முதலியவற்றில் இருப்போர் இரண்டில் ஒன்றையே தேர்ந்துகொள்ள வேண்டும். அவர்கள் அவசரப்பட்டு மாறிவிடலாகாது. ஏனெனில், பழைய திட்டத்தில் அன்றாட மருந்தும் கிடைக்கும். புதியதில் அது கிடையாது.

இத்திட்டத்தை அந்தந்த மாநிலத்து முகமையே நடத்துகின்றது. ஆதலின் அட்டையைப் பெற்றதோடு நில்லாமல், நமக்கு அருகிலுள்ள எந்த ஆஸ்பத்திரி, எந்த நோய்க்கு, இம்முதியோர் அட்டையை ஏற்கின்றது என்பதை உடல் நலமாயிருக்கும்பொழுதே நேரிற் சென்று கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். ஓர் ஆஸ்பத்திரி கண் சிகிச்சைக்கு மட்டும் பட்டியலிற் சேர்ந்திருக்கலாம். இருதய சிகிச்சைக்குச் சேராமலிருக்கலாம். நள்ளிரவில் நோயாளியை வண்டியில் வைத்துக்கொண்டு இதனை விசாரிக்க முடியாது.

அன்பர்களே! இந்நான்கு வாயில்களையும் ஒருசேர வைத்துப் பாருங்கள். நம்மவர் நிலை இப்பொழுது தெளிவாகும். நம் கடைக்காரர் ஒருவர்க்கு வயது 62 என்று கொள்வோம். அவர் அரசாங்க உத்தியோகஸ்தர் அல்லர். முதல் வாயில் இல்லை. அவர் தாமே முதலாளி, இ.எஸ்.ஐ. இல்லை. அவருடைய குடும்பத்துக்கு மாதம் பதினையாயிரமோ இருபதினாயிரமோ வருகின்றது. ஆண்டு வரம்பாகிய ரூ. 1,20,000 என்பது மாதம் ரூ. 10,000 அன்றோ? ஆதலின் மூன்றாவது வாயிலும் இல்லை. 70 வயது ஆகவில்லை, நான்காவதும் இல்லை. ஏழையாகவும் இல்லாமல், செல்வராகவும் இல்லாமல், உத்தியோகமும் இல்லாமல் நடுவில் நிற்கும் அவர்க்கு, 60 முதல் 70 வரையுள்ள பத்தாண்டும் கூரையில்லாத வெளியாக இருக்கின்றது. இருதய நோயும், பக்கவாதமும், சர்க்கரையினால் வரும் உபாதைகளும் இப்பருவத்தில் வந்து தாக்குவதுண்டு. நம் குடும்பங்களின் கடன் பத்திரங்களை எடுத்துப் பார்த்தால், அவற்றிற் பல இந்தப் பத்தாண்டில் எழுதப்பட்டவையாயிருப்பதைக் காணலாம். நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது இதுவே. மற்றவற்றை மறந்தாலும் இப்பத்தாண்டை மறவாதீர்கள்.

இதற்குப் பரிகாரம் யாது? 70 வயதிற் கரை சேருமளவும் ஓர் ஓடம் வேண்டும். அது பெரும்பாலார்க்குத் தனியார் அல்லது பொதுத்துறை இன்ஷூரன்ஸ் கம்பெனியிற் பணம் கட்டிப் பெறும் காப்பீடாகவே இருக்கும். அதிலும் காலம் அறிதல் வேண்டும். 2024 ஏப்ரல் முதல் 65 வயதுக்கு மேற்பட்டோர் சேரலாகாது என்ற தடை நீங்கியது. முன்னரே உள்ள நோய்க்குக் காத்திருக்கும் காலமும், நான்கு ஆண்டுக்கு மேற்படலாகாது என்றிருந்தது, மூன்று ஆண்டுக்கு மேற்படலாகாது என்று குறைக்கப்பட்டது. ஆயினும் மூன்று ஆண்டு மூன்று ஆண்டுதானே? 57 வயதிற் சேர்ந்தவர்க்கு 60-இல் அக்காலம் கழிந்துவிடும். 62-இற் சேர்ந்தவர் 65 வரை காத்திருக்க வேண்டும். ஆகையால் 55 வயது கடந்தவர்கள் நாளையென்று தள்ளிப் போடலாகாது.

செலவையும் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு ரூ. 30,000 பிரீமியம் என்று கொண்டால், முன்னர் அதன்மேல் 18 சதவீத வரி ரூ. 5,400 சேர்ந்து ரூ. 35,400 ஆகும். 2025 செப்டம்பர் 22-ஆம் நாள் முதல் தனிமனிதர் எடுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கு அவ்வரி நீங்கிவிட்டது. முதியோர்க்குரிய பிரீமியத்தை ஓராண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதாயின், ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்துகொண்டே உயர்த்த வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு பிறந்தது. இது நல்லதே. ஆனால் ஆண்டுதோறும் 10 சதவீதம் ஏறினாலும், ரூ. 30,000 ஐந்து ஆண்டில் ஏறத்தாழ ரூ. 48,300 ஆகிவிடும் என்பதை மறத்தல் கூடாது. இன்று கட்ட முடிகின்றதா என்று மட்டும் பாராமல், 69-ஆம் வயதிலும் கட்ட முடியுமா என்று பார்த்தே தொகையைத் தேர்தல் வேண்டும். பத்திரத்தில் நோயாளியின் பங்கு என்று ஒரு விதி இருக்கும். அது 20 சதவீதம் எனின், ரூ. 3 லட்சம் பில்லில் ரூ. 60,000 நம் கையிலிருந்தே போகும். அறை வாடகைக்கு வரம்பு உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். முன்னுள்ள நோயை மறைத்துக் கையெழுத்திடுவதை அறவே விலக்குங்கள். அப்பொய் வேண்டிய வேளையிற் காப்பீட்டையே அழித்துவிடும்.

அடுத்து, காப்பீடு எதைத் தாங்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் கூறிய மாநிலத் திட்டமும், முதியோர் அட்டையும் ஆஸ்பத்திரியிற் படுத்துப் பெறும் சிகிச்சைக்கே உரியவை. நம் பெரியவர்களுக்கு மாதந்தோறும் ஆகும் இரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை, இரத்தப் பரிசோதனை, மூக்குக்கண்ணாடி, பல் கட்டுதல், காது கேட்கும் கருவி ஆகியவற்றின் செலவு அவற்றிற் சேராது. இந்நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில், ஜனங்கள் தம் கையிலிருந்து நேரே கொடுப்பது 2014-15-இல் நூற்றுக்கு 62.6 பங்காயிருந்தது, 2021-22-இல் 39.4 பங்காகக் குறைந்தது. குறைந்ததை எண்ணி மகிழலாம். ஆயினும் நூற்றுக்கு நாற்பது என்பது சிறு சுமையன்று.

இச்சிறு செலவுகளைக் குறைப்பதற்கும் பொது வழிகள் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் இலவசமாகக் கிடைக்கும். 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்திலே தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்வழி, நடமாட்டம் குறைந்தோர்க்கு அம்மருந்துகள் வீட்டுக்கே வருகின்றன. ஜன் ஔஷதிக் கடைகளிலும், 2025 பிப்ரவரி 24-ஆம் நாள் ஆயிரம் இடங்களில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும், கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்துப் பெயராலேயே விற்கும் மாத்திரைகள் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வைத்தியரிடம் மருந்தின் மூலப் பெயரை எழுதித் தரும்படி பணிவாகக் கேட்டால், பெரும்பாலும் மறுக்கமாட்டார். இம்மாத்திரைகளை விடாமல் உட்கொள்வதே ஒரு காப்பீடு. அழுத்த மாத்திரையை விலை கருதி நிறுத்திய பெரியவர், பக்கவாதத்தினாற் படுத்துக்கொள்ளும்பொழுது, மிச்சப்படுத்தியதைப்போல் நூறு மடங்கு செலவாகின்றது.

தாய்மார்களைக் குறித்து ஒரு வார்த்தை கூற விரும்புகின்றேன். நம் இல்லங்களில் ஆடவரின் காகிதங்கள் பெட்டியில் ஒழுங்காக இருக்கும். பாட்டியின் காகிதங்களை ஒருவரும் பார்ப்பதில்லை. அவர்களுடைய பிறந்த நாளை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆதார் எடுத்த அன்று வாய்க்கு வந்த ஆண்டைச் சொல்லிவிட்டார்கள். உண்மையில் 73 வயதான பாட்டிக்கு ஆதாரில் 67 என்றிருந்தால், முதியோர் அட்டை கிடையாது. பிறந்த தேதியைப் பொதுவாக ஒரு முறையே திருத்த இயலும். ஆதலின் தக்க சான்றோடு சென்று பிழையின்றித் திருத்துதல் வேண்டும். கணவனை இழந்த தாய்மார் ஒரு மகன் வீட்டிலிருந்து மற்றொரு மகன் வீட்டுக்குப் போகும்பொழுது, ஒரு குடும்ப அட்டையிற் பெயரை நீக்கி, மற்றொன்றிற் சேர்க்காமல் விட்டுவிடுகின்றனர். அவ்விடைவெளியில் நோய் வந்தால், எந்த மகனுடைய காப்பீட்டிலும் தாய்க்கு இடமில்லாமற் போகும். பெற்ற தாய்க்குச் செய்ய வேண்டிய கடமைகளில், அவள் பெயரை அட்டையில் எழுதுவதும் ஒன்றென்று கொள்க.

ஆஸ்பத்திரிக்குச் செல்லும்பொழுது நடந்துகொள்ள வேண்டிய முறையையும் சுருக்கமாகச் சொல்கின்றேன். அட்டையையும் ஆதாரையும் முதலிலேயே காட்டுங்கள். பணம் கட்டிச் சேர்ந்துவிட்டு மறுநாள் அட்டையைக் காட்டினால் சிக்கல் உண்டாகும். ஆயுஷ்மான் திட்டத்திற் சேர்ந்த ஆஸ்பத்திரியில் ஆரோக்கிய மித்ரா என்று ஓர் உதவியாளர் இருப்பார், அவரை நாடுங்கள். திட்டத்தில் அடங்கிய சிகிச்சைக்குத் தனியே பணம் கேட்டால், ரசீது இல்லாமல் ஒரு காசும் கொடாதீர்கள். 14555 என்னும் எண்ணுக்கும், மாநிலத் திட்டமாயின் 1800 425 3993 என்னும் எண்ணுக்கும் தெரிவியுங்கள். சண்டையிட வேண்டுவதில்லை, விதியை அறிந்தவன் மெல்லப் பேசினாலும் அவன் சொல் செல்லும்.

நிறைவாக, நம் சங்கத்தார் முன் மூன்று யோசனைகளை வைக்கின்றேன். முதலாவது, நம் அங்கத்தினர் குடும்பங்களில் 55 வயது கடந்தோர் யாவர், அவரவர்க்குத் திறந்திருக்கும் வாயில் எது என்று ஒரு பதிவேடு தயாரித்தல் வேண்டும். கலியாணத்துக்கு வரன் குறிப்பு எழுதும் நமக்கு, இது அரிய காரியமன்று. இரண்டாவது, கைப்பேசியும் கணிப்பொறியும் பழகிய நம் இளைஞர்கள், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இம்மண்டபத்தில் அமர்ந்து, பெரியவர்களுக்கு அட்டை எடுத்துக் கொடுத்தல் வேண்டும். விரல் ரேகை தேய்ந்துபோன பெரியவரும், படியேற இயலாத பாட்டியும் தாமே அலைந்து திரிய முடியாது. மூன்றாவது, கலியாணத்திலும் கருமாதியிலும் நாம் செய்யும் ஆடம்பரச் செலவில் ஒரு சிறு பங்கைச் சங்கத்தில் ஒரு நிதியாகச் சேர்த்து, 60-க்கும் 70-க்கும் இடைப்பட்டவர்களுள் பிரீமியம் கட்ட இயலாத சிலர்க்கேனும் உதவுதல் வேண்டும். இறந்தபின் நூறு பேருக்கு இலை போடுவதைக்காட்டிலும், இருக்கும்பொழுது ஒருவர் உயிரைக் காப்பது அறமன்றோ?

அரசாங்கத்தாரிடமும் நாம் விண்ணப்பம் செய்துகொள்ளலாம். 70 என்னும் வயது வரம்பை 60 ஆகக் குறைத்தாலும், அன்றேல் நடுத்தரக் குடும்பத்தார் நியாயமான சந்தா செலுத்தி அத்திட்டத்திற் சேரலாம் என்று வைத்தாலும், சொந்தத் தொழிலால் வாழும் பல்லாயிரம் குடும்பங்களின் கவலை தீரும். இதனை இக்கூட்டத்தின் தீர்மானமாக எழுதி அனுப்புமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கின்றேன். இது நம் சமூகத்தார்க்கு மட்டும் உரிய குறையன்று. நெசவு செய்வோர்க்கும், உழுவோர்க்கும், தையல் தொழிலாளர்க்கும், மற்றெல்லா வகுப்பினர்க்கும் பொதுவான குறை. ஆகவே மற்றச் சங்கத்தாரையும் கூட்டிக்கொண்டே நாம் கேட்டல் தகும்.

 வீடு சென்றதும், இன்றிரவே, பெரியவர்களுடைய ஆதார் அட்டையை எடுத்து வயதைப் பாருங்கள். குடும்ப அட்டையிற் பெயரைப் பாருங்கள். பிழையிருந்தால் இம்மாதத்துக்குள்ளே திருத்திக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்பொழுது, உங்கள் இல்லத்து முதியோர்க்கு எந்த வாயில் திறந்திருக்கின்றது என்று சொல்லக்கூடியவர்களாக வருவீர்களாயின், இந்தச் சொற்பொழிவு பயனுடையதாயிற்று என்று மகிழ்வேன்.